லீஃப் ஸ்பிரிங் பிக்கப்பில் பின்பக்கம் நீள டிராவல் ஷாக்: முதலில் ஆக்சிலை அளங்கள், அப்புறம் ஷாக் வாங்குங்கள்

கேள்வி இதுதான். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) உள்ள ஆஃப்-ரோடு பிக்கப். ஸ்பிரிங்கை ஏற்கெனவே நீளமான, மென்மையான செட்டுக்கு மாற்றியாகிவிட்டது. இப்போது 12 இன்ச் அல்லது 14 இன்ச் டிராவல் (மடங்கி விரியும் தூரம்) உள்ள ஷாக் அப்சார்பர் போட வேண்டும். லோடு பெட்டை வெட்டாமல் முடியுமா, எவ்வளவு சாய்க்கலாம், ஷாக்கை மாட்டும் மேல் மவுன்ட், கீழ் மவுன்ட் இரண்டையும் எங்கே வைப்பது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 12 இன்ச் ஷாக்கை பெட்டை வெட்டாமல் உட்கார வைக்கலாம், ஆனால் நன்றாகச் சாய்த்துத்தான் வைக்க வேண்டிவரும், சாய்த்தால் ஷாக்கின் வேலையில் ஒரு பங்கு போய்விடும். 14 இன்ச் என்றால் பெரும்பாலான வண்டிகளில் பெட்டில் ஓட்டை போடாமல் ஒழுங்காகச் செய்ய இடமே இருக்காது. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை ஷாக் விற்பவரின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆக்சில் மேலே எங்கே போய் நிற்கிறது, கீழே எங்கே போய் நிற்கிறது என்ற இரண்டு அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் எடுக்காமல் முதலில் ஷாக்கை வாங்கிவிட்டு, அதற்கு இடம் தேடி மவுன்ட்டை வெட்டி வெட்டி ஒட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அளவு எடுக்க, சேஸை உறுதியான ஸ்டாண்டுகளில் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் செட்டை இறக்கி, மெயின் பட்டையை (மேலே இருக்கும் நீளமான பட்டையை) மட்டும் திரும்ப மாட்டுங்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றும்போது செட்டை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டைகள் விரிந்து கையில் அடிக்கும். ஆக்சில் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் வண்டி என்றால், எடுத்த பட்டைகளின் மொத்தத் தடிமனுக்கு ஒரு பிளாக் வைத்து யூ போல்ட்டை இறுக்குங்கள். அதை வைக்காமல் அளந்தால் ஒவ்வொரு அளவிலும் அந்தத் தடிமன் அளவுக்குப் பிழை வரும். ஒற்றைப் பட்டை மட்டும் இருப்பதால் இப்போது ஒரு ஜாக்கியை வைத்தே ஆக்சிலை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம்.

சக்கரம் மாட்டிய நிலையிலேயே மெதுவாக ஏற்றுங்கள். ஏதாவது ஒன்று முதலில் முட்டும். டயர் பெட்டின் உள்பக்கத்தில் உரசலாம், டிஃபரென்ஷியல் ஹவுசிங் பெட்ரோல் டேங்க்கையோ சைலன்சர் பைப்பையோ தொடலாம், ஆக்சில் குழாய் சேஸில் இடிக்கலாம். எதுவுமே முட்டாவிட்டாலும், மெயின் பட்டை நேராகி அதற்கு மேல் எதிர்ப்பக்கம் ரொம்ப வளையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அப்படி வளைய விட்டால் சீக்கிரமே பட்டை உடையும். இதுதான் உங்கள் மேல் எல்லை. ஆக்சிலை மேலே நிறுத்தும் முட்டு, அதாவது பம்ப் ஸ்டாப், இங்கே வர வேண்டும்.

அப்புறம் கீழே இறக்குங்கள். ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸில் பிடிக்கும் ஆடும் இணைப்பு) சேஸில் போய் முட்டுகிறதா, தலைகீழாகத் திரும்பப் பார்க்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் மடங்கிச் சிக்குகிறதா, ஸ்லிப் யோக் (ஷாஃப்ட்டின் சறுக்கும் முனை) எவ்வளவு வெளியே வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஜாயின்ட் சிக்கினால் கைக்கே தெரியும். இவற்றில் எது முதலில் தடுக்கிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே உங்கள் கீழ் எல்லை. ஹோஸ் மாதிரி சுலபமாக மாற்றக்கூடியதை மாற்றிவிட்டுத் திரும்பவும் அளக்கலாம்.

இந்த ஏற்ற இறக்கத்தின்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் முன் கண் (போல்ட் போகும் வளையம்) சேஸில் நிலையாக இருக்கிறது, பின்முனை ஷேக்கிளில் ஆடுகிறது. அதனால் பட்டை நேராக நேராக அதன் நீளம் விரிந்து, ஆக்சில் பின்னால் நகரும். வளைவையும் நீளத்தையும் பொறுத்து அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் வரை போகலாம். பட்டை நேரான நிலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைந்தால் மறுபடி முன்னால் வரும். ஆகவே ஷாக்கின் கீழ் முனை நேர்கோட்டில் ஏறி இறங்காது, வில் மாதிரி ஒரு கோட்டில் போகும். நிற்கும் உயரத்தில் மட்டும் பார்த்துவிட்டு மவுன்ட் வைத்தால் மேலே போனதும் சிலிண்டர் எங்கேயாவது உரசும்.

இப்போது சாய்வு. இதைக் கணக்கோடு பார்த்தால்தான் புரியும். உதாரணத்துக்கு, 12 இன்ச் டிராவல் ஷாக், கண்ணிலிருந்து கண்ணுக்கு மடங்கிய நீளம் 20 இன்ச், விரிந்த நீளம் 32 இன்ச் என்று வைத்துக்கொள்வோம் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்கப்போகும் ஷாக்கின் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஆக்சில் முழுதாக மேலே போன நிலையில் கீழ் போல்ட்டுக்கும் பெட்டின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் செங்குத்தாக 15 இன்ச் இடம்தான் இருக்கிறது. 20 இன்ச் ஷாக்கை 15 இன்ச் உயரத்தில் அடக்க வேண்டுமானால் செங்குத்திலிருந்து 41 டிகிரி சாய வேண்டும். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் கிடைமட்டத்தில் சுமார் 13 இன்ச் தள்ளல் வரும்.

இதில் ஒரு லாபம் உண்டு. ஆக்சில் இறங்கும்போது ஷாக் நிமிர்ந்துகொண்டே வருவதால், 12 இன்ச் ஷாக்கை வைத்தே ஆக்சிலுக்கு ஏறத்தாழ 14 இன்ச் டிராவல் கிடைக்கும். பலர் இதைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார்கள். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சாய்ந்த ஷாக்கின் வேகமும் குறைகிறது, அது கொடுக்கும் விசையில் ஒரு பங்குதான் செங்குத்தாக வேலை செய்கிறது, இரண்டும் பெருகுவதால் சாய்வுக் கோணத்தின் கொசைன் இருமடியாகக் கணக்கில் வரும். 20 டிகிரி சாய்வில் ஷாக்கின் பிடியில் (அசைவை அடக்கும் திறனில்) 88 சதவீதம் ஆக்சிலுக்குக் கிடைக்கிறது. 30 டிகிரியில் 75, 45 டிகிரியில் பாதி. மேலே சொன்ன உதாரணத்தில், முழுதாகத் தொங்கும்போது சாய்வு 24 டிகிரிதான், பிடி 83 சதவீதம். முழுதாக மேலே போன நிலையில் 56 சதவீதம். அதாவது வண்டி பள்ளத்தில் விழுந்து ஆக்சில் வேகமாக மேலே வரும்போதுதான் ஷாக் அதிகம் பிடிக்க வேண்டும், அந்த நேரத்தில்தான் அதன் பிடி குறைந்துகொண்டே போகிறது. வால்விங்கை (ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு அமைப்பை) கடினமாக்கினால் மேல் எல்லையில் சரியாகலாம், ஆனால் சாதாரண உயரத்தில் சின்னக் கல்லில் ஏறினாலே முதுகில் அடிக்கும்.

ஆகவே என் கருத்து: வேகமாக ஓட்டும் வண்டி என்றால், நிற்கும் உயரத்தில் 20 டிகிரியைத் தாண்ட வேண்டாம், மேல் எல்லையில் 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இந்த அளவுக்குள் பெட்டுக்கு அடியில் அடங்கவில்லை என்றால் இரண்டு வழி. டிராவல் குறைந்த ஷாக்கை நிமிர்த்தி வையுங்கள், அல்லது பெட்டில் ஓட்டை போட்டு மேலே கொண்டு போங்கள். பாறையில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை, அங்கே ஷாக்கின் வேகம் குறைவு, சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தொடுவதுதான் முக்கியம். அந்த வண்டிகளில் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கு மேலே, மீதி கீழே என்று பிரித்தாலும் ஓடும். மணலிலும் மண் பாதையிலும் வேகமாகப் போகிறவர்கள் மேல் டிராவலைப் பாதியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

கீழ் மவுன்ட்டில் கொஞ்சம் நீளம் சம்பாதிக்கலாம். ஆக்சில் குழாயின் நடுக்கோட்டுக்குக் கீழே போல்ட் வரும்படி டேப் (போல்ட்டைப் பிடிக்கும் காது மாதிரியான இரும்புத் தகடு) வைத்தால் அந்த அளவுக்கு நீளம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் குழாயின் அடிவிளிம்பைத் தாண்டித் தொங்கவிடாதீர்கள், முதல் பாறையிலேயே அடிபடும். டேப் என்பது 6 மில்லி பிளேட்டில், போல்ட்டின் இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் நீள டிராவல் ஷாக்கை மாட்டினால் ஸ்டட் வளைவது நிச்சயம். அரை இன்ச் உயர்தர போல்ட் போதும், நூல் பகுதி பிளேட்டுக்குள் உட்காராத நீளமாகப் பார்த்து வாங்குங்கள். குழாயில் வெல்டிங் செய்யும்போது ஒரே மூச்சில் சுற்றி அடிக்காமல், சின்னச் சின்னத் துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்யுங்கள். சூட்டில் குழாய் வளைந்தால் ஆக்சில் சீல் ஒழுக ஆரம்பிக்கும், பேரிங்கும் தேயும்.

குறுக்கே எவ்வளவு வெளியே வைக்கிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஷாக் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஒரு சக்கரம் மட்டும் ஏறி மற்றது இறங்கும்போது கதை வேறு. சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 60 இன்ச் என்று வைப்போம். இரண்டு ஷாக்கும் சேஸுக்கு உள்பக்கம் 36 இன்ச் இடைவெளியில் இருந்தால், சக்கரம் அசைவதில் 60 சதவீதம்தான் ஷாக் அசைகிறது, பிடி 36 சதவீதமாக விழுகிறது. அதே ஷாக்கை சேஸுக்கு வெளியே 48 இன்ச் இடைவெளியில் வைத்தால் 80 சதவீத அசைவு, 64 சதவீதப் பிடி. பக்கவாட்டில் வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது என்று புகார் சொல்கிற வண்டிகளில், ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த அளவைப் பாருங்கள். சரி, வெளியே எவ்வளவு தூரம் போகலாம்? டயர் விடுகிற வரைக்கும்தான். ஒரு பக்கம் ஏறிச் சாயும்போது டயரின் மேல் விளிம்பு உள்ளே வரும், அப்போதும் சிலிண்டருக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

வெளியே வைக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது, இதில்தான் நல்ல ஷாக்குகள் சாகின்றன. பம்ப் ஸ்டாப் சேஸுக்கு நேர் அடியில், ஷாக் அதற்கு 4 இன்ச் வெளியே இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏற்றி அளந்து, ஷாக் முழுதாக மடங்க அரை இன்ச் பாக்கி என்று திருப்தியாகிவிடுவீர்கள். ஆனால் ஒரு பக்கம் பம்ப் ஸ்டாப்பில் முட்டி நிற்க, மறுபக்கம் 10 இன்ச் தொங்கினால், ஆக்சில் அந்தப் பம்ப் ஸ்டாப்பையே அச்சாக வைத்துத் திரும்பும். பம்ப் ஸ்டாப்புகளுக்கு இடையே 40 இன்ச் என்றால், 4 இன்ச் வெளியே இருக்கும் ஷாக் இன்னும் 1 இன்ச் மடங்கும். உங்களிடம் பாக்கி அரை இன்ச்தான். உள்ளே பிஸ்டன் போய் இடிக்கும், வண்டியின் மொத்தப் பாரமும் ஷாக்கின் கண்ணில் இறங்கும். அதனால் நேராக ஏற்றி அளந்தது போதாது, ஒரு பக்கம் முழுதாக ஏற்றி மறுபக்கத்தை முழுதாக இறக்கி, பிறகு பக்கம் மாற்றி, அந்த நிலையிலும் ராடில் அரை இன்ச் தெரிகிறதா என்று பார்த்துத்தான் மேல் மவுன்ட்டின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். முடிந்தால் பம்ப் ஸ்டாப்பையும் வெளியே தள்ளுங்கள்.

இத்தனை சோதனைக்கும் உண்மையான ஷாக் வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு குழாய், இரண்டு முனையிலும் ஷாக்கின் கண் அளவுக்கு ஓட்டை, மடங்கிய நீளத்திலும் விரிந்த நீளத்திலும் கோடு. இதைத் தற்காலிகமாக டாக் வைத்த (புள்ளி வெல்டிங் மட்டும் செய்த) மவுன்ட்டில் மாட்டி ஆக்சிலை ஏற்றி இறக்கினால் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். சிலிண்டரின் வெளிவிட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை மேலே செருகிக்கொண்டால் உரசல் எங்கே என்பதும் தெரிந்துவிடும். இன்னொரு நன்மை, வெல்டிங் பொறி புதிய ஷாக்கின் ராடில் விழாது. ராடில் ஒரு பொறி ஒட்டினால் சீல் கிழியும். நைட்ரஜன் அடைத்த ஷாக்கில் சூடு படுவது ஆபத்தும்கூட.

மேல் மவுன்ட் சேஸில் நிற்கிறது. பட்டை ஸ்பிரிங் பிக்கப்புகள் பலவற்றில் பின்பக்க சேஸ் மூடிய பெட்டியாக இருக்காது, சி வடிவத்தில் திறந்திருக்கும். அதில் நேரடியாக ஒரு டேப்பை ஒட்டினால் சேஸ் முறுக்கிக் கிழியும். சேஸின் பக்கத்தில் வைரம் போல முனை கூர்ந்த ஒரு பிளேட்டை முதலில் ஒட்டி, அதன்மேல் மவுன்ட்டை வைக்க வேண்டும். சேஸின் உயரத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்டிங் ஓட்டாதீர்கள், மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடாதீர்கள், அங்கேதான் பின்னாளில் விரிசல் தொடங்கும். இடது மவுன்ட்டையும் வலது மவுன்ட்டையும் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தே ஆக வேண்டும். சாய்ந்த ஷாக் மேலே தள்ளும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது, அந்த விசையை இந்தக் குழாய்தான் தாங்கும். பெட்டுக்கு மேலே போகும் வேலை என்றால், பெட்டுக்குள் ஒரு முழுக் குழாய்க்கூண்டு கட்டி, அதன் கால்களை பெட்டின் தகரத்தில் நிறுத்தாமல் சேஸ்வரை இறக்குங்கள். சுமை ஏற்றும் இடம் போய்விடும், அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பம்ப் ஸ்டாப்பும் லிமிட் ஸ்ட்ராப்பும் இல்லாமல் இந்த ஷாக்கை மாட்டவே கூடாது. மேலே ஆக்சிலை நிறுத்துவது பம்ப் ஸ்டாப், கீழே நிறுத்துவது ஸ்ட்ராப், ஷாக் இரண்டுக்கும் நடுவில் வேகத்தை மட்டும் அடக்க வேண்டும். ரப்பர் பம்ப் ஸ்டாப் மெதுவாகப் போகிறவர்களுக்குப் போதும். வேகமாகப் போகிறவர்கள் ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் போடுங்கள், கடைசி 2 முதல் 4 இன்ச்சில் அது பிடிக்கத் தொடங்கும், சாய்வால் ஷாக் இழந்த பிடியில் ஒரு பகுதி இங்கே திரும்பக் கிடைக்கும். நைலான் ஸ்ட்ராப் இழுபட்டால் ஒரு அடிக்குச் சுமார் 1 இன்ச் நீளும். அந்த நீட்சியையும் கழித்து, ஷாக் முழுதாக விரிவதற்கு முன்பே நிற்கும் நீளமாக வாங்குங்கள்.

பல பிக்கப்புகளில் கம்பெனியே ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்திருக்கும். அது இடவசதிக்காக மட்டும் செய்ததாக நினைத்து இரண்டையும் ஒரே பக்கம் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஹவுசிங் எதிர்த்திசையில் சுழன்று பினியன் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) மேலே தூக்கும், பட்டை எஸ் மாதிரி நெளியும், டயர் பிடி விட்டதும் திரும்பி அடிக்கும், இது மாறி மாறி நடந்து பின்பக்கம் துள்ளும். ஷாக் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால், ஆக்சில் அந்த மவுன்ட்டையே அச்சாக வைத்து ஆட முடியும், ஷாக் அசையவே அசையாது. முன்னும் பின்னுமாக இருந்தால் எப்படி ஆடினாலும் ஒன்றாவது அசைந்து தடுக்கும். இடம் கருதி ஒரே பக்கம் வைத்தே ஆக வேண்டும் என்றால், கூடவே ஹவுசிங் சுழலாமல் பிடிக்கும் ஒரு டிராக்‌ஷன் பார் போடுங்கள். அதன் முன்முனை சின்ன ஷேக்கிளில் ஆடும்படி இருக்க வேண்டும், சேஸில் நேராகப் பூட்டினால் ஸ்பிரிங் நகர்வதையே அது தடுத்துவிடும்.

வால்விங்கைப் பற்றிக் கொஞ்சம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே இந்த ஸ்பிரிங்குக்குச் சொந்தமாக ஒரு பிடி இருக்கிறது, அதனால் காயில் ஸ்பிரிங் வண்டிக்குப் போட்ட வால்விங்கை அப்படியே போட்டால் மெதுவான அசைவில் விறைப்பாக இருக்கும். ஷாக்கை ஆர்டர் செய்யும்போது வண்டியின் பின்பக்க எடை, ஸ்பிரிங், நிற்கும் உயரத்தில் சாய்வு, குறுக்கு இடைவெளி நான்கையும் சொல்லுங்கள். நைட்ரஜனும் கொஞ்சம் தூக்கும். ராடு முக்கால் இன்ச்சைவிடச் சற்றே பெரிதாக, எட்டில் ஏழு இன்ச் இருந்து 200 பிஎஸ்ஐ அடைத்திருந்தால், ஒரு ஷாக் சுமார் 54 கிலோ விசையோடு எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். மென்மையான ஸ்பிரிங்கில் இது உயரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றும், ஆகவே கடைசி உயரத்தை ஷாக் மாட்டிய பிறகுதான் பார்க்க வேண்டும். ஷாக்கின் ரிசர்வாயர் (எண்ணெய், நைட்ரஜன் இருக்கும் குப்பி) தனியாக இருந்தால் சைலன்சர் பக்கம் கட்டாதீர்கள், காற்று படும் இடத்தில், ஹோஸ் எந்த நிலையிலும் இழுபடாமல் கட்டுங்கள்.

முழு ஸ்பிரிங் செட்டையும் திரும்ப மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஷாக்கின் கண்ணில் ரப்பர் புஷ் என்றால் நிற்கும் உயரத்தில் வைத்தே போல்ட்டை இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். உருண்டை பேரிங் உள்ள கண்ணுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் அது ஒரு எல்லை வரைதான் பக்கவாட்டில் சாயும், ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கிய நிலையில் அங்கே இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டப் போவதற்கு முன் ஒவ்வொரு ஷாக்கின் ராடிலும் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டி சீல் வரை தள்ளிவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முனைவரை போயிருந்தால் பம்ப் ஸ்டாப் தாமதமாகப் பிடிக்கிறது, உடனே சரிசெய்ய வேண்டும். 3 இன்ச் பாக்கி வைத்தே நின்றிருந்தால், நீங்கள் ஓட்டும் பாதைக்கு ஸ்பிரிங்கோ ஷாக்கின் கம்ப்ரெஷனோ (மடங்கும்போது காட்டும் எதிர்ப்போ) கடினம். இடது வலது இரண்டும் ரொம்ப வித்தியாசமாக இருந்தால் மவுன்ட் உயரத்தைத் திரும்ப அளங்கள். அதே நேரத்தில் யூ போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், புதிதாக மாட்டிய செட் முதல் ஓட்டத்தில் அமர்ந்து கொஞ்சமாவது தளர்ந்திருக்கும்.